பெரியப்பா வெட்டிய பதுங்குகுழி

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் தலைக்குச் சாயம் அடிக்கத் தொடங்கிவிட்டோம். மீதிப் பேர் அடிப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். ஆகவே, சிறுவயதுக் கதை சொல்லும் தகுதி நமக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தாம்பரம் பக்கம் வளர்ந்தவராக இருந்தால், இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த இரண்டு மூன்று வருஷங்கள் நினைவிருக்கும். எஸ்.டி.டி. பூத்துகளில் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டு ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். பெருங்களத்தூரில் நாம் வயல் என்று சொன்ன இடத்தையெல்லாம் பெரியவர்கள் லே-அவுட் என்றார்கள். தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் கணக்கு டீச்சர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். இந்தியா முழுக்கக் கணக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எல்லையில் பட்டாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். தினமும் டி.வி.யில் லாரி லாரியாகச் சிப்பாய்கள் போனார்கள். எங்கள் வீட்டில் அதை மனதில் போட்டுக்கொண்ட ஒரே ஆள் பெரியப்பா.

பெரியப்பாவுக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. ஏரிக்குக் கீழே நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்று, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மாடி வைத்த வீடு கட்டியாகிவிட்டது. அப்பா கிண்டியில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தார். பெரியம்மாவும் அம்மாவும் சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரியப்பாவின் மண்வெட்டி மட்டும் மோட்டார் ரூமில் சாய்ந்து நின்றது. வேறு வழியில்லாமல் மனிதர் படிக்க ஆரம்பித்தார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே வாடகை நூலகம் இருந்தது. மரப்படி ஏறினால் பாச்சை உருண்டை வாசனையும் பழைய பைண்டிங் பசை வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். கீழே தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே அலமாரி நடுங்கும். நூலகக்காரர் பெரியப்பாவுக்கு முதலில் துப்பறியும் கதைகள் கொடுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் அதுவெல்லாம் வெளியே போயிருக்கவே, அட்டையில் புகையும் டாங்கியும் போட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். தமிழில் பெயர்த்த போர்ப் புத்தகம். அதோடு பெரியப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பாலைவனத்தில் நடந்த சண்டை, பனியில் நடந்த சண்டை, கப்பலில், காட்டில், ஆற்றுப் பாலத்தில் நடந்த சண்டை என்று வாரத்துக்கு இரண்டாக முடித்தார். வீட்டில் அவர் பேச்சு மாறியது. சமையலறை கிழக்கு முனை ஆயிற்று. சாம்பாரை முடித்துவிட்டு மோருக்கு 'முன்னேறினார்'. பெரியம்மா முறைத்தால் 'தந்திரமாகப் பின்வாங்கினார்'.

இதில் ஒரு சிக்கல். அந்தப் புத்தகங்கள் முன்பு வேறொரு நூலகத்துடையவை. அந்த நூலகத்தின் முத்திரை எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் இருந்ததால், நம் நூலகக்காரர் கடைசித் தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் வாடகைக்கு விட்டார். பெரியப்பா படித்த எந்தப் போரும் முடியவில்லை. படை நகரத்துக்குள் நுழையும், வாசலில் ஒரு சிப்பாய் நிற்பான், அதோடு அட்டை. முடிவை அவரே சொல்லிக்கொள்வார். எல்லா முடிவிலும் ஊர்வலமும் பேண்டு வாத்தியமும் இருக்கும். முடிவு கிழியாமல் வந்தது ஒரே ஒரு ஒல்லிப் புத்தகம். முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஒரு ஊரில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண் ஒருத்தி எழுதியது. அதைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சண்டையே இல்லை, ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று நூலகக்காரரிடம் புகார் வேறு.

எங்கள் மாடியில் ஒரு அக்கா குடியிருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். சண்டையில் ஊரை விட்டுக் கிளம்பி வந்தவர். கணவர் கனடாவில் இருந்தார்; அங்கிருந்து விசா வரும்வரை அக்கா எங்கள் மாடியில் காத்திருந்தார். கூடவே ஏழு வயது மகள். அவளை எல்லோரும் குட்டி என்று கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குக் கனடாவிலிருந்து போன் வரும். அப்போது பெரியம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கீரை ஆய்வது போல ஹாலிலேயே உட்கார்ந்துகொள்வார். அக்கா பேசும் வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடாது. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான், அக்காவுக்குத் திமிர் என்று பெரியம்மா முடிவு கட்டியிருந்தார். அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் போதும், அக்கா கொடியில் காயும் துணியைப் பாதி ஈரத்தோடு அள்ளிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். குட்டியை மொட்டை மாடிக்கு அனுப்பவே மாட்டார்.

"பெரிய வூட்டுப் பொண்ணாம். வெயில் பட்டா கருத்துப் பூடுவாங்களாம்" என்பார் பெரியம்மா.

பெரியப்பாவுக்கு அக்கா மேல் வேறு விதமான எதிர்பார்ப்பு. நிஜமான போரிலிருந்து வந்த ஆள் தன் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார். அதைவிட ஒரு வாசகருக்கு என்ன வேண்டும்? ஒருநாள் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, தட்டில் முறுக்கோடு மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன். குண்டு விழும்போது எப்படியிருக்கும் என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"செருப்புத்தான் ஐயா பெரிய கரைச்சல். ஓடேக்கை ஒண்டு கழண்டு விழுந்திடும். திரும்பி வந்து பாத்தால் மற்றதும் இராது."

பெரியப்பா காத்திருந்தார். அக்கா முறுக்கு நன்றாயிருக்கிறது என்றார். அவ்வளவுதான். கீழே வந்து பெரியப்பா அப்பாவிடம் வருத்தமாகச் சொன்னார்: "பாவம், அந்தப் பொண்ணுக்கு யுத்தத்தப் பத்தி ஒண்ணுமே தெரில."

அதன் பிறகு அவர் யாரையும் கலந்தாலோசிக்கவில்லை. போர் வரும், வந்தால் எதிரி முதலில் குறி வைப்பது விமானத்தளத்தைத்தான், தளத்துக்குப் போடும் குண்டு கொஞ்சம் காற்றடித்தால் பெருங்களத்தூரில் விழும். இதை ஒரு இட்லித் தட்டில் தளம், ரயில் பாதை, எங்கள் வீடு என்று குழி குழியாகக் காட்டி விளக்கினார். மறுநாள் காலை கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

ஒரு வாரத்துக்கு மேல் வெட்டினார். அத்தனை உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. மேலே செம்மண், அதற்குக் கீழே கத்தியில் வெட்டினால் அல்வா மாதிரி வரும் களிமண். அந்த ஈர வாசனை வீடு முழுக்க அடித்தது. ஆள் உயரத்துக்கு இறங்கியதும் படி வெட்டினார். பழைய மாட்டுக்கொட்டகையின் கதவையும் தகரத்தையும் மேலே போட்டு, சிமெண்டுச் சாக்குகளில் மணல் நிரப்பி அடுக்கினார். உள்ளே உட்கார ஒரு கடப்பாக் கல். ஒரு டார்ச் லைட், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. செப்டிக் டேங்க்கா என்று சிலரும், புதையலா என்று சிலரும் கேட்டார்கள். பெரியப்பா எல்லோருக்கும் பதுங்குகுழி என்று நிறுத்தி உச்சரித்துப் பதில் சொன்னார்.

"நெலத்த வித்தவன்லாம் கார் வாங்கினான். எங்கூட்டு ஆளு குழி தோண்டிகினு கீறாரு" என்று பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனால் உள்ளே குளுகுளுவென்று இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இரண்டே நாளில் வெங்காயம், உருளைக்கிழங்கு, ஊறுகாய் ஜாடி, முறுக்கு டின் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. பெரியப்பா உட்கார வைத்திருந்த கல்லில் தேங்காய்கள் உட்கார்ந்திருந்தன.

அக்கா மட்டும் பார்க்க வரவில்லை. மாடிப்படி ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்தார், ஜன்னலைச் சாத்திவிட்டார். அதையும் பெரியம்மா திமிர்க் கணக்கில் சேர்த்தார். குட்டி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையைப் பார்த்து, பங்கர் நல்லாயிருக்கு என்று சான்றிதழ் கொடுத்தாள். பங்கர் என்ற சொல்லை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

காலாண்டு விடுமுறை வந்தது. அக்டோபரில் விமானப்படை தினம் வருமில்லையா, அதற்கு ஒத்திகை. அன்று காலை அக்கா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், குட்டியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். நானும் பெரியப்பாவும் மொட்டை மாடியில் வற்றலுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தோம். வழக்கமான பயிற்சி விமானங்கள் அல்ல அன்று வந்தவை. மூன்று மூன்றாக, தென்னை மட்டை சிலிர்க்கும் உயரத்தில் வந்தன. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் படித்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கைதட்டினார். நானும் தட்டினேன். நாலைந்து முறை சுற்றிவிட்டுப் போய்விட்டன.

கீழே வந்தால் குட்டியைக் காணோம்.

பெரியம்மா அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மாடியில், பக்கத்து வீட்டில். வாசலில் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரின் சைக்கிள் சாய்ந்திருந்தது, ஆளைக் காணோம். கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கே தொலைந்தான் என்று அவரையும் சேர்த்துத் திட்டினார். அன்று வீட்டில் இருந்த அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார். அம்மா ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஓடினார். பெரியப்பா கொல்லைக் கிணற்றின் மதிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. பெரியம்மா அதைப் பார்த்ததும் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டிக்கொண்டே இருக்கும் அந்த வாய் சும்மா திறந்து திறந்து மூடியது.

அந்த நேரத்துக்கு அக்கா இரண்டு கையிலும் பையோடு உள்ளே வந்தார்.  நான்தான் சொன்னேன். அக்கா கத்தவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிளேன் பதிவா வந்ததோ?"

ஆமாம், தாழத்தான் வந்தது என்றேன். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, நேரே நடந்துபோய்த் தகரத்தைத் தூக்கினார்.

இதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் குழியை வெட்டியவர் அதற்கு நாலு எட்டில் நின்றுகொண்டு கிணற்றைப் பார்க்கிறார். எங்கள் ஒருவருக்குக்கூட அதற்குள் தேடத் தோன்றவில்லை. ஆபத்து என்று ஒன்று வந்தால் ஒருவர் அதற்குள் போவார் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உள்ளே குட்டி தேங்காய்களை ஒதுக்கிவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், முழங்கால் தாடையில் இடிக்க, மீட்டர்க்காரர். இருவர் கையிலும் பெரியம்மாவின் முறுக்கு.

"மீட்டர் பாக்க வந்தேன் சார். பாப்பா கையப் புட்சி இஸ்துகினு வந்துச்சி. இன்னான்னு கேட்டா, பேசாத குந்துன்னுச்சி. நானும் சண்ட வந்துடுச்சி போலன்னு குந்திகினேன்" என்றார் அவர். எழுந்திருக்க அவருக்கே கொஞ்சம் தயக்கம் இருந்ததைக் கவனித்தேன்.

குட்டி எழுந்திருக்கவே இல்லை. அக்கா கை நீட்டினார், வரவில்லை. அக்கா இறங்கி உள்ளே போய் மீட்டர்க்காரர் விட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நாய் குரைக்க வேணும். அதுக்குப் பிறகுதான் வருவாள்" என்றார் எங்களைப் பார்த்து. அவர்கள் ஊரில் விமானம் வந்தால் நாய்கள் அடங்கிவிடுமாம். போய்விட்டது என்று மனிதர்களுக்குத் தெரிவதற்கு முன் நாய்களுக்குத் தெரியும். அவை குரைத்தால் வெளியே வரலாம். அதுதான் அந்தக் குழந்தைக்குச் சொல்லி வைத்திருந்த விதி.

எங்கள் தெருவுக்கு ஒரு நாய் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருக்கும். திருடன் வந்தால்கூடப் புரண்டு படுத்து இடம் விடும் சுபாவம். பெரியப்பா ஓடிப்போய் அதை எழுப்பினார். பிஸ்கட் காட்டினார், அது வாலை ஆட்டியது. காலைத் தரையில் உதைத்து மிரட்டினார், அது மல்லாந்து வயிற்றைக் காட்டியது. மீட்டர்க்காரர் தன் பங்குக்குப் பையைச் சுழற்றிக் காட்டினார். அதற்கும் வாலை ஆட்டியது.

பெரியப்பா கொல்லைக்குத் திரும்பி வந்தார். குழியைப் பார்த்தார். பிறகு முருங்கை மரத்துக்குப் பின்னால் போய், மதிலைப் பார்த்து நின்றுகொண்டு, குரைத்தார்.

ஒரு காலத்தில் ஊர்ப் பஞ்சாயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த மனிதர். முதல் குரைப்பு இருமல் மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் மனிதர் முழுசாக இறங்கிவிட்டார். குழிக்குள்ளிருந்து குட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது: "அது பெரியப்பா."

ஆனால் அடுத்த தெரு நாய்களுக்கு அது தெரியவில்லை. ஒன்று பதில் கொடுத்தது. பிறகு பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு. அதைக் கேட்டதும் எங்கள் தொட்டி நிழல் நாயும் மானம் போய்விடுமோ என்று எழுந்து நாலு குரல் கொடுத்தது. பெருங்களத்தூர் முழுக்கக் குரைத்தது. குட்டி மீதி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள்.

பெரியம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர்தான், வெகுநேரம் கீழே விடவில்லை. அம்மாவும் அப்பாவும் திரும்பினார்கள். எல்லோருக்கும் காபி வந்தது, மீட்டர்க்காரர் உட்பட. துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அக்கா முதல்முறையாக நிறையப் பேசினார், நாங்கள் யாரும் கேட்காமலே. அவர் மாமியார் குடை இல்லாமல் பங்கருக்குள் இறங்கமாட்டாராம். மண் கொட்டினால் தலை ஊத்தையாகிவிடுமாம். உள்ளே அந்தக் குடையை விரித்தால் வேறு யாரும் உட்கார முடியாது. பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியார், அடைபட்ட பிள்ளைகள் ஓட முடியாது என்று அங்கேயே வாய்ப்பாடு கேட்பாராம். ஒருமுறை ஆட்டையும் சேர்த்துக்கொண்டு இறங்கியதில், அது வாத்தியாரின் சட்டைக் கையைத் தின்றுவிட்டது. சொல்லும்போது அக்காவே சிரித்தார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு நாள் மட்டும் நாய் குரைக்கேல்லை" என்றார் அக்கா. "கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தம். பிறகுதான் வெளியில வந்து பாத்தம். குரைக்கிறதுக்கு அது இல்லை. இவள் அதைக் கூப்பிட்டுக்கொண்டே நிண்டாள்."

 பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்பறம் எப்டிம்மா முடிஞ்சிது?"

"முடியேல்லை ஐயா. நாங்கள் வந்திட்டம்."

அந்த வாரம் பெரியப்பா மேற்குத் தாம்பரம் போய், பாதியில் திருப்பிக் கொடுத்த ஒல்லிப் புத்தகத்தை மறுபடி எடுத்து வந்தார். இந்த முறை சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டவில்லை. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து தனக்குள்ளேயே படித்தார். முன்னேறுவதும் பின்வாங்குவதும் வீட்டில் நின்றுபோயிற்று. மோரை மோர் என்றே சொன்னார். குழியையும் மூடிவிடுகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தார். குட்டி வந்து குறுக்கே நின்றுகொண்டாள். அது இருந்தால்தான் அவள் ராத்திரி தூங்குகிறாள் என்று அக்கா சங்கடத்தோடு சொன்னார். பெரியப்பா மண்வெட்டியை வைத்துவிட்டார்.

பிறகு மழை வந்தது. ஐப்பசி மழைக்கு எங்கள் களிமண் குழி கிணறு மாதிரி நிறையும். தினமும் காலையில், பால் பாக்கெட் வருவதற்கு முன்பே, பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வாளி வாளியாக இறைத்து வெளியே ஊற்றுவார். மத்தியானம் பெய்தால் மறுபடி இறைப்பார். தேங்காயும் வெங்காயமும் வீட்டுக்குள் திரும்பின. தவளைகள் குடிவந்தன. பெரியம்மா திட்டினார், ஆனால் வாளியை எடுத்துக் கொடுத்தபடியே திட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் கொசு என்று புகார் எழுதிப்போட, பேரூராட்சியிலிருந்து ஒரு அதிகாரி குடையோடு வந்தார். குழியை மூடச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். அவர் எட்டிப் பார்த்தார், படியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அப்போது மழைநீர் சேகரிப்பு என்று அரசாங்கம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் கேட்ட பாடில்லை. இந்த ஏரியாவில் சொல்வதற்கு முன்பே செய்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று பெரியப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு குறை மட்டும் இருக்கிறதாம். மொட்டை மாடிக் குழாயை இதற்குள் இறக்க வேண்டும், ஜல்லியும் மணலும் போட்டு நிரப்ப வேண்டும்.

நிரப்பினால் குட்டி எங்கே உட்காருவாள்? பெரியப்பா தலையாட்டிவிட்டு வந்தார். குழாயை இறக்கினார். ஆனால் திருகிக் கழற்றும்படி இறக்கினார். அதிகாரி வரும் நாளில் தண்ணீர் குழிக்குள் விழும். அவர் தலை மறைந்ததும் முருங்கைக்குப் போகும். ஜல்லியும் கொட்டினார், குழிக்குப் பக்கத்தில். கேட்டால் மணல் லாரி இன்னும் வரவில்லை என்பார். மணல் லாரி அந்த வருஷம் முழுக்க வரவில்லை. அதிகாரிக்கோ எங்கள் வீட்டை விட மனமில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பையே காட்டுவதற்கு அழைத்து வந்துவிட்டார். அது என் வகுப்பு. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி, மழைநீர்க் குழிக்குள் உட்காரக் கல் எதற்கு என்று கேட்டாள்.  தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று உட்கார்ந்து பார்ப்பதற்கு என்றார் பெரியப்பா. டீச்சர் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டோம், நானும்.

தை முடிவதற்குள் விசா வந்துவிட்டது. பெரியம்மா முறுக்கு, அதிரசம், ஊறுகாய் என்று ஒரு பெட்டியை அடைத்தார். அக்கா பாதியை எடுத்து வெளியே வைக்க, பெரியம்மா அவர் பார்க்காதபோது மறுபடி உள்ளே வைத்தார். காலை விமானம். வேன் பிடித்து எல்லோரும் மீனம்பாக்கம் போனோம். கண்ணாடிக் கதவுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அங்கே, ரன்வே பக்கமிருந்து ஒரு விமானம் கிளம்பிய சத்தம் கேட்டது. குட்டி தள்ளுவண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அக்கா கெஞ்சிப் பார்த்தார், அப்பா சாக்லேட் வாங்கி வந்தார். பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். வாசலில் நின்ற காவலர் உள்ளே போவதென்றால் போங்கள், இல்லையென்றால் ஒதுங்குங்கள் என்றார். அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து, ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லாம் நின்றுவிடுமோ என்ற பயம். அப்போது பெரியப்பா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குட்டிக்கு எதிரே தரையில் குந்தினார்.

பங்கர் எங்கே என்று குட்டி கேட்டாள். பிளேனில் அது இல்லை என்று பெரியப்பா உண்மையைச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"குண்டு மேல போவுமா, கீழ வுழுமா?"

"கீழே."

"நீ எங்க இருப்ப?"

குட்டி அண்ணாந்து பார்த்தாள். மேலே, என்றாள்.  அவள் அதை வெகுநேரம் மனதுக்குள் சரிபார்த்தாள். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு அவள் முகம் திடீரென்று மாறியது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் எல்லாரும் கீழே."



"நான் போறமட்டும் பங்கருக்குள்ள இருங்கோ. பெரியம்மாவும்" என்றாள். பெரியம்மாவைக் குறிப்பிட்டுப் பார்த்தபடி சொன்னாள். இருக்கிறோம் என்று பெரியம்மாதான் முதலில் வாக்குக் கொடுத்தார். குட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வேனில் வீடு திரும்பினோம். பல்லாவரத்தில் நெரிசல். ஓட்டுநரைச் சீக்கிரம் போகச் சொல்லிப் பெரியம்மா நச்சரித்துக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கியதும் அவர் உள்ளே போய் அவரைக்காயையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். நான் சிரித்தேன். சும்மா உட்கார முடியுமா, மத்தியானத்துக்குக் குழம்பு வைக்க வேண்டாமா என்றார். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினார். பின்னால் பெரியப்பா, அம்மா, நான். லீவு போட்டிருந்த அப்பா யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கித் தகரத்தை இழுத்து மூடினார்.

ஐந்து பேருக்கு அது போதவே போதாது. என் தோளில் அப்பாவின் முழங்கை இடித்தது. இருட்டில் பெரியம்மா விரலை வெட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரியப்பா டார்ச் அடித்தார். மேலே ஒரு விமானம் போயிற்று. இதுதானா என்றார் பெரியம்மா. பெரியப்பா தெரியவில்லை என்றார். இன்னொன்று போயிற்று. அதுவா இதுவா என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் அவரைக்காய் முழுவதும் அரிந்து முடிகிறவரை, எல்லா விமானத்துக்கும் சேர்த்து உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.